கேசட்டில் வந்த பழனி

தனக்கோடியின் தொடை எலும்பு முறிந்தது கார்த்திகை மாதத்தில், தெருவில் பாவு நீட்டியிருந்த ஒரு காலையில்.

சேவூர் நெசவுத் தெருவில் பாவு நீட்டுவதென்றால் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இந்த முனையில் ஒரு கழி, அந்த முனையில் ஒரு கழி, நடுவில் தெரு நீளத்துக்கும் பட்டிழைகள் இழுத்துக் கட்டிக் கிடக்கும். புருஷன் தருமன் கஞ்சித் தண்ணீர் தெளித்துக்கொண்டு முன்னால் போக, தனக்கோடி பின்னாலேயே அறுந்த இழைகளை முடிந்துகொண்டு வந்தாள். அப்போதுதான் யார் வீட்டிலோ கயிற்றை அறுத்துக்கொண்ட காளை ஒன்று தெரு முனையில் திரும்பியது. எல்லோரும் பக்கத்து வீடுகளுக்குள் ஓடினார்கள். தனக்கோடி ஓடவில்லை. பாவுக்கு முன்னால் போய் நின்று முந்தானையை உதறி, "ஹோய், ஹோய்" என்று கத்தினாள். காளை பாவை விட்டு விலகித்தான் போனது. போகிற போக்கில் அவளைச் சுவரோடு வைத்து இடித்துவிட்டுப் போனது.

"ஒரு இழை அறுபடல" என்பான் தருமன், யாராவது கேட்டால். அதற்கு மேல் சொல்லமாட்டான். அவன் பேச்சே அவ்வளவுதான். காலையில் தறியில் இறங்கினால் மிதிகட்டையின் சத்தம்தான் கேட்கும், அவன் சத்தம் கேட்காது. சோற்றுக்கு உப்பு போதாவிட்டாலும் சொல்லமாட்டான், கூடிப்போனாலும் சொல்லமாட்டான். "என்னா மனுசன் இவுரு, தறிக் கட்டைக்கு வாக்கப்பட்டா மாதிரி கீது" என்று தனக்கோடி தெருக்குழாயில் சொல்லிச் சிரித்தது உண்டு.

புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு வந்தார்கள். மூங்கில் பத்தை வைத்து, பச்சிலையும் முட்டையும் பூசிய கட்டு. கட்டு அவிழ்த்தது எண்பத்து மூன்றாம் வருஷம் மாசியில். "எலும்பு கூடிப்போச்சி. இனிமே இது எலும்போட வேலை இல்ல, உன் வேலை. நட" என்றார் கட்டுப் போட்டவர்.

தனக்கோடி நடக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவாள். பாதம் தரையில் பட்டதும் வெந்நீரில் வைத்தது போல் இழுத்துக்கொள்வாள். மகள் பாஞ்சாலை ஒரு பக்கம், தருமன் ஒரு பக்கம் தாங்கினால் எழுந்து நிற்பாள். கையை எடுத்தால் "ஐயோ" என்று உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தபடியே மடியில் ராட்டையை வைத்துக்கொண்டு குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றித் தருவாள். அவள் சாப்பாடு பாதியாகக் குறைந்துபோனது.

"எழுந்துருமே" என்றான் தருமன் ஒரு நாள். "கட்டுக்காரு இன்னா சொன்னாரு?"

"பயமா கீதுய்யா."

"இன்னா பயம்? நான் புடிச்சிக்கறேன்."

"நீ புடிச்சா? புடிக்கவேண்டியவன் வேற ஒத்தன் கீறான். அவன் கைய வுட்டுட்டான்."

அப்போதுதான் அது வெளியே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தருமனுக்கு மஞ்சள் காமாலை கண்டு, கண்ணும் நகமும் மஞ்சளாகி, வயிறு வீங்கிக் கிடந்தான். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் அவள் பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். இந்த மனுஷனை உயிரோடு கொடு, உன் மலைக்கு நடந்தே வருகிறேன். அவன் பிழைத்தான். அந்த வருஷம் வாங்கிய முன்பணத்துக்குப் புடவை நெய்ய வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் பாஞ்சாலை வயசுக்கு வந்த பெண், தனியாக எப்படி விட்டுப் போவது என்று தள்ளிப்போனது. அதற்கடுத்த வருஷம் எதனாலோ மறந்தே போனது.

"காலக் குடுக்கறேன்னு சொன்னேன். குடுக்கல. அவனே வந்து எடுத்துகினான். இனிமே இந்தக் கால் எனக்கு எழுந்துக்காது."

பாஞ்சாலைக்குக் கோபம் வந்தது. "சாமிக்கு வேற வேலை இல்ல? கயித்த அறுத்துகினு வந்தது மேலத்தெரு மாடு. முருகனா வந்து அறுத்து வுட்டாரு?"

"நீ சின்னப் பொண்ணு, சும்மா இரு."

தருமன் தறியில் இறங்கினான். சாயங்காலம் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனவன், தசரதனோடு திரும்பி வந்தான். தசரதன் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஒவ்வொரு பங்குனியிலும் ஆரணியிலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்துக்கு அவர்தான் குருசாமி.

"தருமன் எங்களோட நடக்கறேன்றான்" என்றார்.

தனக்கோடி புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேண்டிகினது நான். அவரு நடந்தா அது செல்லுமா குருசாமி?"

தசரதன் யோசித்தார். சட்டென்று பதில் சொல்கிற ஆள் இல்லை அவர். "நடக்கறது அவன் கால்ல இருக்கட்டும். ஆனா நீ சும்மா குந்திகினு இருந்தா செல்லாது. அவன் எந்த ஊருல கீறானோ, அந்த ஊருல நீயும் இருக்கணும். இன்னிக்கி போளூரா, உன் மனசும் போளூருதான். அப்படின்னா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் செல்லும்."

"எனக்கு எப்படித் தெரியும் அவரு எங்க கீறாருன்னு? கடுதாசி எழுதுவாரா? இங்கயே வாயத் தொறக்க மாட்டாரு."

கூட வந்திருந்த எல்லப்பன் அப்போது முன்னால் வந்தான். தனக்கோடியின் தம்பி. ஆரணியில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். "அக்கா, அதுக்குத்தான் என்னாண்ட மிசின் கீதே" என்றான்.

குவைத்திலிருந்து வந்த ஒருவரிடம் அவன் வாங்கி வைத்திருந்த டேப் ரிக்கார்டர் அது. ஒரு சோற்றுப் பாத்திரம் அளவுதான் இருக்கும். பேட்டரியில் ஓடும். தருமன் ஒவ்வொரு ஊரிலும் அதில் பேச வேண்டியது. சேலம் போகிற வண்டி போளூர், திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, அரூர் என்று அவர்கள் நடக்கிற ரோட்டிலேயே போய்விட்டு அதே ரோட்டில் திரும்பி வருகிறது. அதன் கண்டக்டர் பலராமன் எல்லப்பனோடு படித்தவன். கேசட்டை வாங்கிவந்து சேவூர் ஸ்டாப்பில் கொடுத்துவிடுவான். எல்லப்பன் சாயங்காலம் கடையிலிருந்து பெரிய டேப்பை எடுத்து வந்து போட்டுக் காட்டுவான்.

"மாமா, தோ இந்த செவப்பு பட்டனும் இதுவும் ஒண்ணா அமுக்கணும். பேசி முடிச்சதும் இத. மழையில காட்டாத. வெயில்லயும் வெக்காத. யாரு கேட்டாலும் பாட்டு போட்டுக் காட்டாத, பேட்டரி போய்டும்."

தருமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பங்குனி பிறந்து, வெயில் கொளுத்தத் தொடங்கியிருந்த ஒரு விடியலில் பத்துப் பன்னிரண்டு பேர் பச்சை வேட்டியோடு புறப்பட்டார்கள். பாஞ்சாலை அப்பனுக்குப் புளிச்சோறும், வறுத்த மல்லாட்டைக் கடலையும் கட்டிக் கொடுத்தாள். தனக்கோடி கட்டிலில் இருந்தபடியே அவன் நெற்றியில் திருநீறு இட்டாள். அவன் குனிந்து நின்றான். "வரேன்" என்றான். அன்றைக்கே பாஞ்சாலை அப்பனுடைய தறியில் இறங்கினாள். அவள் மிதி வேறு மாதிரி விழுந்தது. தனக்கோடி அதைக் கேட்டுக்கொண்டே நூல் சுற்றினாள்.

முதல் கேசட் மறுநாளே வந்தது. எல்லப்பன் டேப்பைத் துடைத்து, ஸ்டூலின் மேல் வைத்து, கேசட்டைப் போட்டான். 'கர்' என்று ஒரு சத்தம். அப்புறம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"போளூரு."

நெடுநேரம் ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரு பஸ் ஆரன் அடித்தது.

"வந்துட்டோம். சோறு துன்னோம். காலு நல்லா கீது."

மறுபடியும் ஆரன். "எப்படிய்யா இத நிறுத்தறது?" டக்.

பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லப்பன் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தான். பழைய பாட்டு ஒன்று ஓடியது.

தனக்கோடிக்கு அழுகையே வந்துவிட்டது. "அவ்ளோ தூரம் நடந்துட்டு, போளூருன்னு ஒரு சொல்லு. நான் எங்க நடப்பேன்? எந்தப் பக்கம் பாத்துகினு நடப்பேன்? எல்லப்பா, நான் பேசறேன், அத அனுப்பு."

அவள் டேப்புக்கு முகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, சண்டைக்காரியிடம் பேசுவது போல் பேசினாள். "யோவ், நான்தான். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இன்னா கீது? மரம் கீதா, இல்லியா? யாரு தண்ணி குடுத்தாங்க? அவ பேரு இன்னா? நீ கண்ண மூடிகினு நடந்தா நானும் குருடியாட்டந்தானே நடக்கணும்? குருசாமி சொன்னது ஞாபகம் வெச்சிக்கோ. எனக்காகத்தானே போன? அப்ப எனக்காகப் பேசு."

பலராமன் அந்தக் கேசட்டை எடுத்துப்போய், நடந்துகொண்டிருந்த கூட்டத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பஸ்ஸில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்களாம். அடுத்த கேசட் கலசப்பாக்கத்திலிருந்து வந்தது.

"தனக்கோடி" என்று தொடங்கியது அது. மகளுக்கும் மைத்துனனுக்கும் முன்னால் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவள் தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இது கலசப்பாக்கம். ஆத்துல தண்ணி இல்ல. மணலு. மணல்ல வெள்ளரி போட்டு கீறாங்க. ஊத்து தோண்டி, ஒரு பொம்பள கொடத்துல மொண்டு மொண்டு ஊத்திகினு இருந்தா. எங்களப் பாத்து பிஞ்சு குடுத்தா. பேரு கேட்டேன். எதுக்குய்யான்னா. என் பொண்டாட்டி கேக்க சொன்னான்னேன். சிரிச்சிட்டா. முனியம்மாவாம்." கொஞ்சம் நின்றது. "அந்தாண்ட பருவத மலை தெரியுது. மேல மேகம் ஒண்ணு ஒக்காந்து கீது. பெய்யறா மாதிரி இல்ல. சும்மா ஒக்காந்து கீது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் புளிய மரம். நெழல் நல்லா கீது. நீ இந்தப் பக்கமா வா. அந்தப் பக்கம் முள்ளு."

கேசட் முடிந்து ஓடிக்கொண்டே இருந்தது. எல்லப்பன் நிறுத்த மறந்துவிட்டான்.

அடுத்த நாள் காலையில் பாஞ்சாலை தறிக்குழியில் இருந்தபோது அம்மா கட்டிலில் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். தனக்கோடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு காலைத் தரையில் வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலை எழுந்து ஓடவில்லை. தலையைக் குனிந்து நெய்துகொண்டே இருந்தாள். பார்த்தால் அம்மா உட்கார்ந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு கேசட் வருகிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து வாசற்படியில் உட்காரத் தொடங்கினார்கள். திருவண்ணாமலையில் பெரிய கோபுரத்தின் நிழல் தெருவில் எவ்வளவு தூரம் விழுந்தது என்று தருமன் சொன்னான். செங்கத்தில் ஒரு வீட்டில் களியும் புளிச்சக்கீரையும் போட்டார்கள், கீரையில் உப்பு கம்மி என்றான். "உப்பு கம்மின்னு சொல்லத் தெரியுமா இந்த மனுசனுக்கு?" என்று தனக்கோடி அதிசயப்பட்டாள். ஊத்தங்கரைப் பக்கம் கிணறுகள் எல்லாம் வற்றிப்போய், ஜனங்கள் குடத்தோடு ரோட்டில் வரிசையில் நிற்பதைச் சொன்னான். "எங்களுக்குக் குடுக்க அவங்களாண்டயே தண்ணி இல்ல. ஆனாலும் குடுத்தாங்க. வாங்கிக் குடிக்க பேஜாரா இருந்துச்சு." இடது பாதத்தில் கொப்புளம் வந்திருப்பதையும் சொன்னான். அதைச் சொல்லிவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்றான்.

"கொப்புளத்துமேல நூல் கோத்த ஊசியால குத்தி, நூல உள்ளயே வுட்டுடு. தண்ணி தானா வடியும்" என்று தனக்கோடி பேசி அனுப்பினாள். அன்றைக்கு அவள் கட்டிலிலிருந்து தறி வரைக்கும் நடந்தாள். அதற்கடுத்த நாள் அடுப்பு வரைக்கும். வலி இல்லாமல் இல்லை. "அவருக்கு மட்டும் வலிக்காதா?" என்றாள்.

மஞ்சவாடிக் கணவாயிலிருந்து வந்த கேசட்தான் நீளமானது. மலைக்காற்று மைக்கில் பட்டு 'புஸ் புஸ்' என்றது. குரங்குகள் கத்துவது கேட்டது. தருமன் எங்கோ தனியாக உட்கார்ந்து பேசுகிறான் என்பது புரிந்தது.

"தனக்கோடி, எல்லாரும் தூங்கறாங்க. நல்ல காத்து. எனக்கு தூக்கம் வரல. ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. நேருல சொல்ல வராது. காமாலைல நான் கெடந்தப்ப, நீ என் கால்மாட்டுல குந்திகினு அழுதியே. நான் தூங்கறேன்னு நெனச்சிகினு அழுத. நான் தூங்கல. கண்ண மூடிகினு இருந்தேன். நீ எழுந்து போய்டுவியோன்னு கண்ணத் தொறக்கல. நீ என் பாதத்த உன் கன்னத்துல வெச்சிகினு..."

எல்லப்பன் எழுந்தான். "நான் வெளிய போய் பீடி குடிச்சிட்டு வரேன்" என்றான். வாசற்படிப் பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். பாஞ்சாலை குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். குழாயில் அந்த நேரத்தில் தண்ணீர் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கேசட்டில் இன்னும் என்ன இருந்தது என்பது தனக்கோடிக்கு மட்டும்தான் தெரியும். எல்லப்பன் திரும்பி வந்து கேசட்டைக் கேட்டபோது, "அது இங்கயே இருக்கட்டும்" என்றாள். "அக்கா, அது கடை கேசட்டு." "இருக்கட்டும்டா."

சேலத்திலிருந்து ஒன்று வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

வராது என்று முன்பே பேசிக்கொண்டதுதான். பலராமனின் வண்டி சேலத்தோடு சரி. அதற்கு மேல் நாமக்கல், கரூர் பக்கமிருந்து லாரிக்காரர்களிடம் கொடுத்துவிட்டால்தான் உண்டு. முதல் நாள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் டீக்கடையில் யாரோ சொன்னதைக் குழாயடியில் இன்னொருத்தி சொன்னாள். ராசிபுரத்துப் பக்கம் பழனிக்கு நடந்து போனவர்கள் மேல் லாரி ஏறிவிட்டதாம். பச்சை வேட்டி கட்டியவர்களாம்.

பாஞ்சாலை பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் தறியில் இறங்கினாள். ஊடை நூல் ஓடும் நாடாவை இந்தப் பக்கம் எறிந்தவள் அந்தப் பக்கம் பிடிக்கவில்லை. அது தரையில் விழுந்து உருண்டது.

"இன்னாடி?"

"ஒண்ணும் இல்லம்மா."

"உன் நைனா மாதிரி பேசாத. இன்னான்னு சொல்லு."

பாஞ்சாலை சொன்னாள். தனக்கோடி கேட்டுக்கொண்டாள். மடியில் இருந்த ராட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். மூலையில் சாத்தியிருந்த பாவுக் கழியை எடுத்து ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா?"

"ஸ்டாப்புக்கு. பலராமன் வண்டி வர நேரம்."

"நான் போறேம்மா. நீ எப்படி அம்மாந்தூரம்..."

"நவுரு."

வாசற்படி இறங்குவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. தெருவில் கால் வைத்ததும் வெயில் உச்சந்தலையில் அடித்தது. அவள் கழியை ஊன்றி, நல்ல காலை வைத்து, மற்றதை இழுத்து வைத்து நடந்தாள். பாஞ்சாலை தொடாமல், விடாமல், பக்கத்திலேயே வந்தாள். எதிர் வீட்டு ஜன்னலில் தறிச்சத்தம் நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. அவள் கடந்து போகப் போக ஒவ்வொரு வீட்டிலும் தறி நின்று, கதவுக்கு ஆள் வந்து பார்த்தார்கள். கார்த்திகையில் அவளை அள்ளித் தூக்கிப் போனவர்கள்தான் அவர்கள். ஒருத்தி ஓடிவந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கூடவே நடந்தாள். தெரு முனை திரும்பும்போது பின்னால் ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்டாப்பில் புளியமரத்தடியில் வேகவைத்த மல்லாட்டை விற்கிறவள் தன் சாக்கை நகர்த்தி இடம் கொடுத்தாள். தனக்கோடி உட்காரவில்லை. "குந்துனா எழுந்துக்க முடியாது" என்று கழியைப் பிடித்தபடி நின்றாள். தொடை நடுங்கியது. புடவை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. யாரோ ஆரணிக்கு சைக்கிளில் ஓடிப்போய்ச் சொல்லி, எல்லப்பனும் டேப்பைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வண்டி வந்து நின்றது. பலராமன் முன்படியிலிருந்தே கையை ஆட்டினான்.

"அக்கா, அது நம்ம ஆளுங்க இல்ல! தருமபுரி பக்கத்து ஆளுங்க. ஒத்தருக்கு கை ஒடிஞ்சிச்சு, அவ்ளோதான், உசுரு சேதம் இல்ல. தோ, இத சேலம் ஸ்டாண்டுல ஒரு லாரிக்காரு குடுத்துட்டுப் போனாரு."

கேசட்டை மரத்தடியிலேயே போட்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். ஆனால் பேசியது தருமன் இல்லை.

"தனக்கோடிம்மா, நான் தசரதன் பேசறேன். பயந்துக்காத. இது கரூரு, ஆத்தங்கரை மண்டபம். நாமக்கல் தாண்டினதுலேர்ந்து தருமனுக்கு காய்ச்சலு. கொப்புளம் ஒடைஞ்சி சீழ் வெச்சிகிச்சி. பாதம் வீங்கிப் போய் கீது. ஊசி போட்டாச்சி. நடக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இவன் கேக்கமாட்றான்மா. காலைல எழுந்து நாலு எட்டு வெக்கறான், வுழறான், மறுபடியும் எழுந்துக்கறான். பஸ் ஏறுடான்னா, இது என் நடை இல்ல, அவ நடைன்றான். மத்தவங்கள முன்னால அனுப்பிட்டு நான் மட்டும் கூட கீறேன். நீ ஒரு வார்த்தை பேசி அனுப்பு. நீ சொன்னாத்தான்..."

பின்னாலிருந்து தருமனின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு வருவது போல் வந்தது. "அவளாண்ட எதுக்குய்யா சொல்ற? நிறுத்து. நிறுத்துய்யா அத." டக்.

எல்லப்பன் வேறு கேசட்டைப் போட்டு, சிவப்புப் பட்டனை அமுக்கினான். "பேசுக்கா. லாரிக்காரு யாராண்டயாவது குடுத்து ஜல்தியா அனுப்பிடலாம்."

கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. தனக்கோடி அதையே பார்த்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"அத நிறுத்துடா" என்றாள். "இது அதுல சொல்ற விசயம் இல்ல. பலராமா, இந்த வண்டி மறுபடியும் எப்ப சேலம் போவும்?"

"ஆற்காடு போய்ட்டு சாயந்திரம் இதே வழியாத்தான் வரும். அக்கா, நீ..."

"அதுல எனக்கு ஒரு எடம் போட்டு எடுத்துகினு வா."

பாஞ்சாலை வீட்டுக்கு வந்து படுத்துவிட்டுப் போகச் சொன்னாள். "வூட்டுக்குப் போனா மறுபடியும் இவ்ளோ தூரம் நடக்க என்னாண்ட தெம்பு இல்லடி. நான் இங்கயே கீறேன். நீ போய் ஒரு பொடவையும், கொஞ்சம் சோறும் எடுத்துகினு வா. தறியில நெய்யற பொடவை பாதில நிக்குது, நீ வராத. உன் மாமன் வரட்டும்" என்றாள். அதன் பிறகுதான் மல்லாட்டைக்காரியின் சாக்கில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் கரூர் ஆற்றங்கரை மண்டபத்துக்குள் அவள் எல்லப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு நுழைந்தபோது, தருமன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. தாடியும் பச்சை வேட்டியுமாக, பாதியாக இளைத்துப் போயிருந்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தான்.

"நடந்தா வந்த?"

"பஸ்ல வந்தேன்."

"ஸ்டாப்பு வரைக்கும்?"

"நடந்துதான்."

அவன் உதடு கோணியது. சிரிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். தசரதன் எல்லப்பனைத் தோளைத் தட்டி வெளியே கூட்டிப்போனார்.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவன் பாதத்துத் துணியை அவிழ்த்தாள். வாடை அடித்தது. ஆற்றிலிருந்து தசரதன் கொண்டுவந்து காய்ச்சி வைத்திருந்த தண்ணீரால் துடைத்தாள். அவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "ஆட்டாத" என்றாள்.

"நாளைக்கு எழுந்துடுவேன்" என்றான். "இன்னும் கொஞ்ச தூரந்தான். தாராபுரம் போய்ட்டா..."

"வேணாம். பஸ் ஏறலாம்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு? உன் வேண்டுதல் இன்னா ஆவறது? உன் காலு..."

"யோவ், நான் இன்னா வேண்டிகினேன்னு உனக்குத் தெரியுமா?"

"நடந்து வரேன்னு."

"அது பின்னால சொன்னது. முன்னால சொன்னது இன்னா? இந்த மனுசன உசுரோட குடுன்னு. அதான் வேண்டுதலு. நீ நடந்து நடந்து சாவறதுக்கா அவனாண்ட உன்னக் கேட்டு வாங்கினேன்?" அவள் குரல் உடைந்தது. "வேண்டிகினது நானு. போதும்னு சொல்றதும் நாந்தான். அவன் கோச்சிகினா என்னக் கோச்சிக்கட்டும். உன்ன இன்னொரு தபா அவனாண்ட கேட்டு வாங்க எனக்குத் தெம்பு இல்லய்யா."

ஆற்றில் துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நாமக்கல்லாண்ட ஒரு கொளம் பாத்தேன். அத்தினி வெயில்லயும் தாமரை பூத்து கீது. அத சொல்லலாம்னு மிசின எடுத்தேன். காய்ச்சல்ல வாய் குழறிச்சி" என்றான்.

"இப்ப சொல்லு" என்றாள், துணியைச் சுற்றிக்கொண்டே. அவன் சொல்லத் தொடங்கினான்.

காய்ச்சல் விட்டபின் நால்வருமாகப் பஸ்ஸில் பழனிக்குப் போனார்கள். உத்திரத்துக்கு முந்தின நாள். அடிவாரத்தில் காவடியும் கொட்டும் கூட்டமுமாக நகர இடமில்லை. எல்லப்பன் மலை ஏறும் விஞ்சு வண்டிக்கு வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்துவிட்டு வந்து கையை விரித்தான். "படிதான்" என்றாள் தனக்கோடி. தசரதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

சுவரோரமாக ஏறினார்கள். அவள் வலது கை கழியில், இடது கை அவன் தோளில். அவன் துணி சுற்றிய பாதத்தை ஓரம் வைத்து ஓரம் வைத்து நடந்தான். சில படிகள் ஏறுவதும் உட்காருவதுமாக, வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே விசிறியோடு உட்கார்ந்திருந்த வயசான அம்மா ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். கொங்குப் பக்கத்துப் பேச்சு.

"எந்த ஊருங்க?"

"ஆரணிங்க" என்றாள் தனக்கோடி.

"அடேங்கப்பா. அத்தனை தூரம் நடந்தேவா வந்தீங்க?"

தருமன் தனக்கோடியைப் பார்த்தான். தலையாட்டிவிட்டால் போதும், யார் கேட்கப்போகிறார்கள். தனக்கோடி கொஞ்சம் யோசித்தாள்.

"இவரு கரூரு வரைக்கும் நடந்தாருங்க. நான் எங்க வூட்லேர்ந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தேன்."

அந்த அம்மா சிரித்தாள். அப்புறம் அவன் பாதத்துத் துணியைப் பார்த்தாள். தனக்கோடி நீட்டி வைத்திருந்த காலைப் பார்த்தாள். கழியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கையிலிருந்த விசிறியால் இருவருக்கும் சேர்த்து வீசத் தொடங்கினாள்.

"அப்புறமென்னுங்க, வந்தாச்சே" என்றாள். "இன்னுங் கொஞ்சப் படிதான். வேர்வை ஆறட்டும், மெதுவா ஏறுங்க."

மேலே யாரோ அரோகரா போட்டார்கள். படிகளில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதை வாங்கிச் சொன்னார்கள். தருமன் முதலில் எழுந்து, கையை நீட்டினான்.